பணியாணையை மறுபடி வாசித்த நாள்: விக்டோரியா காலக் கடற்படை அதிகாரி ஒருவரின் பணியும் குடும்பமும்

எதற்காக இந்த ஆய்வு

இந்த நிகழ்வு ஆய்வில் வரும் யாருக்கும் பெயர் போடவில்லை. கப்பல், ஊர், ஆண்டு எல்லாம் பதிவில் உள்ளவை. கொஞ்சம் வரலாறு படித்தவர்கள் ஆளை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், பரவாயில்லை. பெயரைச் சொன்னாலே பேச்சு அவருடைய கப்பலில் பயணம் செய்த இளம் இயற்கையியலாளர் பக்கமும் பரிணாமக் கொள்கை பக்கமும் போய்விடுகிறது. எனக்கு வேண்டியவர் அந்த அதிகாரிதான். அவர் எடுத்த முடிவுகளையும், அவற்றுக்கு அவர் வீடு கொடுத்த விலையையும், அவருக்கு மேலே இருந்தவர்கள் செய்ததையும் செய்யத் தவறியதையும்தான் இங்கே பார்க்கிறேன்.

இவர் இரண்டு முறை நொறுங்கினார். 1834-ல் ஒருமுறை, 1865-ல் ஒருமுறை. முதல் முறை எழுந்து நின்று பெரிய வேலைகளைச் செய்தார். இரண்டாம் முறை எழவில்லை, தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். இரண்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று தேடிப் பார்த்ததன் பதிவு இது.

பின்னணி

1805-ல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், மன்னர் இரண்டாம் சார்லஸின் வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். ஐந்து வயதில் தாய் போய்விட்டார். பன்னிரண்டு வயதில் போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கல்லூரியில் சேர்த்துவிட்டார்கள். லெப்டினன்ட் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினார். அதுவரை யாரும் அப்படி வாங்கியதில்லை.

அவருக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, 1822-ல், வெளியுறவு அமைச்சராக இருந்த தாய்வழி மாமா தற்கொலை செய்துகொண்டார். நாடே பேசிய செய்தி. நம் ரத்தத்திலேயே இது இருக்கிறதோ என்ற பயம் அன்றிலிருந்து இவர் மனத்தில் ஒட்டிக்கொண்டது. பிற்காலத்தில் இவரோடு பழகியவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது.

அப்புறம் பீகிள். சுமார் 90 அடி நீளம், பத்துப் பீரங்கி வைக்கும் சின்னப் போர்க்கப்பல். தென் அமெரிக்காவின் தெற்குமுனைக் கடற்கரையை அளந்து வரைபடம் போடுவதற்காக மாற்றியமைக்கப்பட்டது. அதன் முதல் கேப்டன் 1828-ல், மாகெல்லன் நீரிணையில் போர்ட் ஃபேமின் என்ற இடத்தில், குளிரும் தனிமையும் தாங்காமல் தன்னை மாய்த்துக்கொண்டார். ஃபேமின் என்றால் பஞ்சம். பஞ்சத் துறை என்று சொல்லலாம். காலியான அந்த இடத்துக்கு, ரியோவில் இருந்த அட்மிரல் தன் கொடிக்கப்பல் லெப்டினன்டான இவரை அனுப்பினார். அப்போது இவருக்கு வயது 23. இறந்தவரின் அறையில்தான் இனி இவர் தூங்க வேண்டும், சாப்பிட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காலக் கடற்படையில் கேப்டன் மற்ற அதிகாரிகளோடு சேர்ந்து சாப்பிடும் வழக்கம் இல்லை. மாதக்கணக்கில் தனி மேசை, தனித் தட்டு, எதிரே ஆள் இல்லை. கட்டளை தவிர வேறு பேச்சு பேச ஒருவர்கூடக் கிடையாது. இரண்டாம் பயணத்துக்கு இவர் ஒரு துணையைத் தேடியதற்கும், அந்த இடம் 22 வயது இயற்கையியலாளருக்குக் கிடைத்ததற்கும் இதுவும் முக்கியக் காரணம். தன் பலவீனம் எது என்று அவருக்கே தெரிந்திருந்தது, அதற்கு மருந்தும் தேடினார். இந்த விஷயத்தில் அவரை நான் மதிக்கிறேன்.

கவனித்தது: கை எப்போதும் சொந்தப் பையில்

முதல் பயணத்தில், தென் அமெரிக்காவின் தென்கோடித் தீவுக்கூட்டமான டியெரா டெல் ஃபுவேகோ கரையில் கப்பலின் படகு ஒன்று திருடு போயிற்று. அதைத் திருப்பி வாங்குவதற்காக அங்குள்ள மக்களில் சிலரைப் பிடித்துவைத்தார். கடைசியில் நான்கு பேரை இங்கிலாந்துக்கே கூட்டிவந்தார். கல்வி கொடுத்து, மதம் கற்பித்துத் திருப்பி அனுப்பலாம் என்பது எண்ணம். அவர்களில் ஒருவர் வந்த சில வாரங்களிலேயே பெரியம்மையில் இறந்தார். இது தவறான முடிவு. நல்லெண்ணம் இருந்தது என்பதால் அது சரியாகிவிடாது. ஆனால் தவறு செய்த பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். மீதி மூவரையும் ஊருக்குக் கொண்டுபோய் விடுவதாகக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, கடற்படையின் மேலிடமான அட்மிரால்டி முதலில் முன்வரவில்லை. இவர் சொந்தச் செலவில் ஒரு கப்பலை வாடகைக்குப் பேசினார். அதன் பிறகுதான் மேலிடம் மனம் மாறி பீகிளையே மறுபடி அனுப்பச் சம்மதித்தது.

1831 டிசம்பர் 27-ல் புறப்பட்ட அந்த இரண்டாம் பயணத்தில் 22 க்ரோனோமீட்டர்கள் இருந்தன. உலகத்தைச் சுற்றி தீர்க்கரேகையைத் துல்லியமாகக் குறிக்க உதவும் கடற்கடிகாரங்கள் அவை. அவற்றில் ஆறு இவருடைய சொந்தப் பணத்தில் வாங்கியவை. அவற்றைப் பார்த்துக்கொள்ளக் கருவிப் பணியாளர் ஒருவர் வந்தார், அவருக்குச் சம்பளம் இவரே கொடுத்தார். ஓவியர் ஒருவர் வந்தார், அவருக்கும் இவரே கொடுத்தார்.

1832-ல், பெரிய கப்பல் போக முடியாத ஆழம் குறைந்த கரைகளை அளப்பதற்காக இரண்டு சிறு கலங்களை வாடகைக்கு எடுத்தார். அனுமதி கேட்டுக் கடிதம் எழுதி, பதில் வருவதற்குள் வேலையையும் ஆரம்பித்துவிட்டார். அந்தக் காலத்தில் லண்டனுக்குக் கடிதம் போய்ப் பதில் வர மாதங்கள் ஆகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பதில் வந்தது: கலங்களை வாடகைக்கு எடுப்பதை ஏற்கவில்லை, சீக்கிரம் விடுவித்துவிடவும். அது கைக்குக் கிடைக்கும் முன்பே, 1833-ல், 170 டன் ஸ்கூனர் (பாய்மரக் கலம்) ஒன்றைச் சுமார் 1,300 பவுண்டுக்குச் சொந்தப் பணத்தில் வாங்கி, பழுது பார்த்து, ஆட்களையும் ஏற்றிவிட்டார்.

வேலை என்று பார்த்தால் அவர் கணக்கு சரிதான். இரண்டு கப்பல் இருந்தால் பாதி நாளில் முடியும். ஆனால் மேலிடம் கொடுக்காத வளத்தைத் தன் பணத்தால் நிரப்பி வேலையை முடித்துக் கொடுத்தால், அடுத்த முறையும் மேலிடம் கொடுக்காது. அவர் வாழ்க்கை முழுக்க இப்படித்தான் நடந்தது.

1834, வால்பரைசோ

1834-ன் பிற்பகுதியில் சிலி நாட்டு வால்பரைசோ துறைமுகத்தில் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. ஸ்கூனருக்குப் பணம் கிடையாது என்பது உறுதியாகிவிட்டது. கையிலிருந்து செலவு செய்துகொண்டே போக முடியாமல் அதை விற்க வேண்டியதாயிற்று. அதிலிருந்த ஆட்களும் சாமான்களும் பீகிளுக்குத் திரும்பின. இடம் இல்லாமல் ஓவியரையும் அனுப்பிவிட்டார்.

அவர் தூக்கத்தை மறந்து வரைபட வேலை செய்துகொண்டிருந்தார். உடல் மெலிந்தது, பேச்சு குறைந்தது, எடுக்க வேண்டிய முடிவுகளை எடுக்க முடியவில்லை. தன் புத்தி பேதலித்துக்கொண்டிருக்கிறது என்று அவரே பயந்தார். இது உடல் களைப்பு, வேறொன்றும் இல்லை என்று கப்பல் மருத்துவர் எவ்வளவோ சொன்னார். அது அவர் காதில் ஏறவில்லை. உடல்நலம் சரியில்லை என்று எழுதிக் கொடுத்துப் பதவியிலிருந்து விலகினார். முதல் லெப்டினன்டைக் கேப்டனாக அறிவித்தாயிற்று.

இனி நடந்ததை நிதானமாகப் பார்ப்போம். இதற்குச் சாட்சி, கப்பலில் இருந்த இயற்கையியலாளர் அந்த நவம்பரில் வீட்டுக்கு எழுதிய கடிதம்.

கேப்டனை அழுத்தியது ஒரே எண்ணம்: பணியாணையில் உள்ள எல்லாவற்றையும் முடிக்கவே முடியாது. தெற்குக் கரையில் விடுபட்டவற்றுக்காக மறுபடி டியெரா டெல் ஃபுவேகோ போக வேண்டும், மேற்குக் கரையை முடிக்க வேண்டும், பசிபிக்கைக் கடக்க வேண்டும், இருப்பதோ ஒரே கப்பல். இந்தச் சுழலில் அவர் ஒன்றை மறந்தே போனார். மேற்குக் கரையில் நேரம் இருக்கும் அளவுக்குச் செய்துவிட்டுப் பசிபிக் வழியாகத் திரும்பவும் என்றுதான் அந்த ஆணையே சொல்கிறது. முழுவதையும் முடி என்று யாரும் கேட்கவில்லை.

புதிய கேப்டனாக வேண்டிய லெப்டினன்ட் அதை எடுத்துச் சொன்னார். நான் தலைமை ஏற்றாலும் மறுபடி டியெரா டெல் ஃபுவேகோவுக்குப் போகவே மாட்டேன், யார் சொன்னாலும் சரி என்றார். அப்படியானால் நீங்கள் விலகுவதால் என்ன பயன் என்ற கேள்விக்குக் கேப்டனிடம் பதில் இல்லை. ராஜினாமாவைத் திரும்பப் பெற்றார்.

அந்த லெப்டினன்டுக்கு இதில் நஷ்டம் மட்டும்தான். சும்மா இருந்திருந்தால் கப்பல் அவருடையது, பதவி உயர்வும் கைக்கு எட்டியிருக்கும். அதை விட்டுக்கொடுத்தார். ஆறுதல் சொல்லிவிட்டு நகரவில்லை. கூடவே உட்கார்ந்து ஆணையை வரி வரியாக எதிரில் வைத்தார். மருத்துவரின் அன்பான வார்த்தை செய்யாததை இது செய்தது, ஏனென்றால் அவர் தலையில் ஏறியிருந்த சுமையில் பெரும்பகுதி யாரும் ஏற்றாத சுமை.

பயணம் தொடர்ந்தது. கலாபகோஸ், தஹிதி, நியூசிலாந்து, சிட்னி, கோகோஸ் தீவுகள், மொரீஷியஸ், நன்னம்பிக்கை முனை என்று சுற்றி 1836 அக்டோபர் 2-ல் இங்கிலாந்து வந்தார்கள். ஐந்தாண்டு உலகச் சுற்றில் அவருடைய தீர்க்கரேகை அளவுகளை ஒன்றாகக் கூட்டினால் வந்த பிசகு 33 விநாடி நேரம். அவர் வரைந்த வரைபடங்களை மாலுமிகள் பல தலைமுறைகள் பயன்படுத்தினார்கள்.

கரையில்: திருமணம், நியூசிலாந்து, இழப்பு

திரும்பிய அதே டிசம்பரில் திருமணம். ஐந்தாண்டுகள் ஒரே மேசையில் சாப்பிட்ட இயற்கையியலாளருக்கே, இவருக்கு ஒரு பெண் காத்திருக்கிறாள் என்பது தெரியாது. செய்தி கேட்டு அவர் வியந்துபோனார். தனிமைக்குத் துணை தேடியவர் அந்தத் துணையிடமும் மனத்தைத் திறக்கவில்லை. எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை.

மனைவி ஆழ்ந்த இறைப்பற்று உள்ளவர். மூன்று மகள்களும் ஒரு மகனும் பிறந்தார்கள். 1841-ல் டர்ஹாம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். 1843-ல் நியூசிலாந்து ஆளுநர் பதவி வந்தது. குடும்பத்தோடு கப்பலேறினார்.

அங்கே கஜானா காலி, படைவீரர்கள் சொற்பம், வெள்ளைக் குடியேறிகளுக்கும் மண்ணின் மக்களான மாவோரிகளுக்கும் நிலத் தகராறு. வைராவ் என்ற இடத்தில் நடந்த மோதலில் குடியேறிகள் பலர் இறந்திருந்தார்கள். விசாரித்தவர், நிலத்தை அளக்கப் போனவர்கள்மீதுதான் முதல் தவறு என்று சொல்லி, மாவோரித் தலைவர்களைத் தண்டிக்க மறுத்தார். நியாயமான முடிவு, அரசியலில் அவருக்குப் பெரும் பகையைத் தேடித் தந்தது. பணத்துக்கு வழியில்லாமல் மேலிட அனுமதி இன்றிக் கடன் பத்திரங்களை அச்சிட்டுப் புழக்கத்தில் விட்டார். மறுபடி அதே பழக்கம். 1845-ல் திருப்பி அழைத்துவிட்டார்கள்.

அப்புறம் வூல்விச் கப்பல் தளத்தில் மேற்பார்வையாளர் வேலை, 1849-ல் அரோகன்ட் என்ற நீராவிப் போர்க்கப்பலின் தலைமை. அடுத்த ஆண்டே உடல்நலமும் பணநிலையும் சரியில்லை என்று விலகினார். அன்றைய கடற்படையில் கேப்டன் நிலையை ஒருமுறை எட்டிவிட்டால், மேலே இருப்பவர்கள் இறக்க இறக்கப் பட்டியலில் தானாக ஏறிக்கொண்டே போகலாம். ஆனால் கப்பல் இல்லாதபோது அரைச் சம்பளம்தான். பின்னால் இவர் ரியர் அட்மிரலும் வைஸ் அட்மிரலும் ஆனது கரையில் மேசையில் உட்கார்ந்திருந்தபோதுதான். பட்டம் உயர்ந்தது, பை நிறையவில்லை.

1852-ல் மனைவி இறந்தார். நான்கு பிள்ளைகள், குறைந்துபோன வருமானம். இரண்டாண்டு கழித்து உறவுக்காரப் பெண் ஒருவரை மணந்தார். அந்தத் திருமணத்தில் ஒரு மகள். 1856-ல் மூத்த மகள் இறந்தார். இருபது வயதுகூட ஆகியிருக்கவில்லை.

பாராளுமன்றத் தெருவில் ஒரு மேசை

1854-ல் அரசின் வாணிப வாரியத்தில் புதிதாக ஒரு வானிலைப் புள்ளிவிவரப் பிரிவு தொடங்கி அதன் தலைமையை இவரிடம் கொடுத்தார்கள். மூன்று பேர் உதவிக்கு. கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேகரித்து, எந்தக் கடலில் எந்த மாதம் என்ன காற்று என்று அட்டவணை போடுவதுதான் ஆணை. முன்னறிவிப்பு அதில் இல்லை.

1859 அக்டோபர் 25 இரவு ராயல் சார்ட்டர் என்ற கப்பல், மெல்போர்னிலிருந்து தங்கத்தோடும் பயணிகளோடும் லிவர்பூலை நெருங்கிக்கொண்டிருந்தபோது, வேல்ஸின் ஆங்கில்சி கரையில் புயலில் உடைந்தது. சுமார் 450 பேர் இறந்தார்கள். வீட்டை எட்டிவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். அதே புயலில் பிரிட்டன் கரையெங்கும் சுமார் 133 கப்பல்கள் போயின.

இவர் அந்தப் புயலின் பாதையை மணிக்கணக்கு வாரியாகத் தொகுத்துப் பார்த்தார். புயல் நகர்கிறது, தந்தி அதைவிட வேகமாகப் போகிறது. அப்படியானால் முன்கூட்டியே சொல்ல முடியும். அனுமதி வாங்கினார். கரையோரம் 15 இடங்களிலிருந்து தினமும் காலையில் காற்றழுத்தம், வெப்பம், காற்றின் திசை எல்லாம் தந்தியில் வர ஏற்பாடு ஆயிற்று. 1861 பிப்ரவரியில் முதல் புயல் எச்சரிக்கை போயிற்று. துறைமுகக் கம்பத்தில் கித்தான் போர்த்திய கூம்பும் உருளையும் ஏற்றுவார்கள். கூம்பு முனை மேலே பார்த்தால் வடக்குப் புயல்காற்று, கீழே பார்த்தால் தெற்கு. நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் இத்தனையாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது என்று நாம் செய்தியில் கேட்கிறோமே, அந்தக் கூண்டும் இந்த வம்சம்தான்.

அந்த அலுவலகத்தின் காலை எப்படி இருக்கும் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். பத்து மணிக்குத் தந்திகள் வரும். உடனே வாசித்து, ஒவ்வொரு கருவியின் பிசகையும் திருத்தி, கடல்மட்ட அளவுக்கு மாற்றி, படிவத்தில் ஏற்றுவார்கள். நாட்டை வட்டாரங்களாகப் பிரித்து, அடுத்த இரண்டு நாளுக்கு எங்கே என்ன காற்று என்று தீர்மானிக்க வேண்டும். பதினொரு மணிக்கெல்லாம் பத்திரிகைக்கும், கப்பல் காப்பீட்டு அமைப்பான லாயிட்ஸுக்கும், அட்மிரால்டிக்கும் நகல்கள் போய்விட வேண்டும். ஒரு மணி நேரம். வரைபடம் தலைக்குள்ளேதான். கணிப்பொறியும் இல்லை, கோட்பாடும் இல்லை, அட்லாண்டிக் நடுவிலிருந்து ஒரு தகவலும் இல்லை. தவறு நடந்தால் மறுநாள் நாடே பார்க்கும்.

1861 ஆகஸ்ட் 1-ல் டைம்ஸ் இதழில் பொதுமக்களுக்கான முதல் வானிலை முன்னறிவிப்பு வந்தது. வடக்கே மிதமான மேற்குக் காற்று, நல்ல வானிலை என்கிற மாதிரி மூன்று நான்கு வரி. இது ஆரூடமும் இல்லை, தீர்க்கதரிசனமும் இல்லை, கணக்கிட்டுச் சொல்லும் கருத்து என்று விளக்கி, அதற்கென ஒரு சொல்லையே தேர்ந்தெடுத்தார். நாம் இன்று முன்னறிவிப்பு என்பது அந்தச் சொல்லைத்தான்.

இந்தத் தினசரி வேலையை அவர்மீது யாரும் சுமத்தவில்லை என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டும். எப்படியும் தந்தி வருகிறது, செலவு ஒன்றும் அதிகமாகாது, மக்களுக்குப் பயன்படட்டும் என்று அவரே எடுத்துக்கொண்டார். ஸ்கூனர் வாங்கிய அதே மனம்.

கூடவே வேறு காயங்கள். வாரியத்தின் கடல்துறையில் தலைமைக் கடற்படை அதிகாரி பதவி வந்தபோது விண்ணப்பித்தார். கிடைத்தது, முன்பு பீகிளில் இவருக்குக் கீழ் லெப்டினன்டாக இருந்த இன்னொருவருக்கு (வால்பரைசோவில் ஆணையை எடுத்துச் சொன்னவர் அல்ல). 1859-ல் பழைய கப்பல் தோழரின் புத்தகம் வெளிவந்து, வேதாகமத்தை எழுத்துக்கு எழுத்து நம்பிய இவரை உலுக்கியது. அந்த மனிதரை உலகம் சுற்றக் கூட்டிப்போனது நான்தானே என்ற குற்ற உணர்வு. 1860 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில், புயல்களைப் பற்றி ஆய்வுரை படிக்கப் போன இடத்தில், அந்தப் புத்தகத்தைப் பற்றி நடந்த கூச்சலான விவாதக் கூட்டத்தில் எழுந்து வேதாகமத்தைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் கேட்கவில்லை.

விமர்சனம் வந்த விதம்

முன்னறிவிப்பு தப்பினால் பத்திரிகை கேலி செய்தது. தினமும் அதை அச்சிட்ட டைம்ஸே, பலித்தால் பெருமை அட்மிரலுக்கு, பொய்த்தால் பழியும் அவருக்கு என்று ஒதுங்கிக்கொண்டது. கூம்பு ஏறினால் படகுகள் கடலுக்குப் போகாது. படகுச் சொந்தக்காரர்களுக்கு அன்றைய பிழைப்பு போயிற்று. கரையில் நிற்கும் மீனவனுக்கும் அவன் வீட்டாருக்கும் அந்தக் கூம்பு வேறு மாதிரித் தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் இல்லை. நாடாளுமன்றத்தில் தந்திச் செலவைக் கேள்வி கேட்டார்கள். விஞ்ஞானிகளோ, இதற்கு அடிப்படைக் கோட்பாடு எங்கே என்றார்கள். அது நியாயமான கேள்வியே. அவரிடம் பதில் இருக்கவில்லை, ஏனென்றால் யாரிடமும் இருக்கவில்லை.

இந்த இடத்தில் அவருடைய ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். புயல் எச்சரிக்கை உயிர் காப்பது, அதை நன்றாகவே நிறுவ முடியும். தினசரி முன்னறிவிப்பு அப்போது அவ்வளவு உறுதியானதில்லை. இரண்டையும் ஒரே துணிவோடு ஒரே மேசையிலிருந்து அனுப்பியதால், இரண்டாவதன் மேல் விழுந்த அடி முதலாவதையும் சாய்த்தது.

1865

அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவருக்குக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது. தூக்கம் சரியில்லை. மருத்துவர் ஓய்வெடுக்கச் சொன்னார். லண்டன் மையத்திலிருந்து அப்பர் நார்வுட் என்ற புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். ஆனால் அலுவலகம் போகாவிட்டால் மனம் அலைபாயும், போனால் வேலை செய்ய முடியாது. போகலாமா வேண்டாமா என்று காலையில் தீர்மானிப்பதே பெரும்பாடாயிற்று. வால்பரைசோவில் பார்த்த அதே அறிகுறி, முப்பதாண்டு கழித்து.

ஏப்ரல் 29, சனிக்கிழமை. லண்டன் போய்க் களைத்துத் திரும்பினார். மறுநாள் ஞாயிறு, கோயிலுக்குப் போகும் நாள். மனைவி பின்னர் எழுதிய குறிப்பிலிருந்து அந்தக் காலை நமக்குத் தெரிகிறது. மனைவிக்கு முன்னே எழுந்தார். உடை மாற்றும் அறைக்குப் போகும் வழியில் சின்ன மகளுக்கு முத்தம் கொடுத்தார். அறைக் கதவை முதலில் தாழிடவில்லை.

கதவு முதலில் திறந்துதான் இருந்தது என்பதை அந்த அம்மாள் மறக்காமல் எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியை வாசித்துவிட்டு என்னால் நெடுநேரம் வேறெதையும் படிக்க முடியவில்லை.

அவருக்கு அப்போது 59 வயது.

பின்விளைவுகள்

சொத்து என்று எதுவும் மிஞ்சவில்லை. சுமார் 6,000 பவுண்ட் சொந்தப் பணத்தைப் பொதுப்பணிகளில் செலவழித்துத் தீர்த்திருந்தார். மனைவிக்கும் மகள்களுக்கும் கடன்தான் இருந்தது. பீகிளின் பழைய லெப்டினன்ட், இவர் கேட்ட பதவியைப் பெற்ற அதே மனிதர், குடும்பத்துக்காக நிதி திரட்டும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். இயற்கையியலாளர் 100 பவுண்ட் கொடுத்தார். கருத்தால் பிரிந்தவர்கள், ஒரு மேசையில் சாப்பிட்டதை அவர் மறக்கவில்லை. அரசும் உதவ, 3,000 பவுண்ட் சேர்ந்தது. அரசி ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் விதவைக்குத் தங்க இடம் ஒதுக்கினார். மகன் கடற்படையிலேயே தொடர்ந்து வைஸ் அட்மிரல் நிலை வரை உயர்ந்தார்.

அலுவலகத்தை ஆராய ஒரு குழு போட்டார்கள். முன்னறிவிப்புக்கு அறிவியல் அடிப்படை போதாது என்று 1866-ல் அறிக்கை வந்தது. முன்னறிவிப்பு நின்றது, அந்த டிசம்பரில் புயல் எச்சரிக்கையும் நின்றது. கூம்பு ஏறாததைக் கண்டு துறைமுகங்களிலிருந்து எதிர்ப்புக் கிளம்பியது. ஓராண்டு போலக் கழித்து எச்சரிக்கையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு 1879-ல்தான் திரும்பியது. 2002-ல் பிரிட்டனின் கடல் வானிலை அறிக்கையில் ஒரு கடற்பகுதிக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

எதை மாற்றியிருக்க வேண்டும்

பணத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் குடும்பத்தை நேராக அடித்தது அதுதான். தொலைதூரத்தில் இருக்கும் கேப்டனுக்கு, கேட்காமலே செலவழிக்கலாம் என்று ஒரு வரம்புத் தொகையை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால் சொந்தப் பணம் போட்டாலும் ஏற்கமாட்டோம் என்று அதே தாளில் சொல்லியிருக்க வேண்டும். அட்மிரால்டி ஸ்கூனரைக் கண்டித்தது, ஆனால் அந்த ஸ்கூனர் எடுத்த அளவுகளை வாங்கிக்கொண்டது. இப்படி நடந்தால் ஒரு கடமையுணர்வுள்ள மனிதர் என்ன புரிந்துகொள்வார்? அவர் பக்கமும் தவறு உண்டு. மனைவி, பிள்ளைகள் வந்த பிறகும் அந்தப் பணம் தன் ஒருவனுடையது என்ற கணக்கிலேயே இருந்தார்.

வானிலை அலுவலகத்தில் நான் மாற்ற நினைப்பது வேறு. எச்சரிக்கையையும் தினசரி முன்னறிவிப்பையும் இரண்டு தனி வேலைகளாக்கி, எது எத்தனை முறை பலித்தது என்று வெளியாள் ஒருவரை வைத்துக் கணக்கெடுத்திருந்தால், விமர்சனம் அவர் முகத்துக்கு நேராக வராமல் அந்தக் கணக்கின் மேல் வந்திருக்கும். எல்லாம் ஒரே கையெழுத்தில் போனதால், பொய்த்த ஒவ்வொரு மழையும் அவர் நாணயத்தின் மேல் விழுந்தது.

கடைசியாக, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. 1834-ல் அவர் அருகில் அவருக்கு அடுத்த நிலையில், அவர் வேலையை முழுக்கத் தெரிந்த, மறுத்துப் பேசும் தைரியமும் உரிமையும் உள்ள ஒருவர் இருந்தார். இதை உங்களிடம் யாரும் கேட்கவில்லையே என்று ஆணையைக் காட்டிச் சொல்ல அவரால் முடிந்தது. 1865-ல் அவர் அட்மிரல், சுற்றி இருந்தவர்கள் உதவியாளர்கள். தினசரி முன்னறிவிப்பு உங்கள் ஆணையில் கிடையாது, ஆறு மாதம் நிறுத்திவையுங்கள் என்று சொல்லும் இடத்தில் ஒருவரும் இல்லை. மருத்துவர் ஓய்வு என்றது அவரிடம் மட்டும்தான். அந்தச் சொல் வாணிப வாரியத்துக்குப் போய், அங்கிருந்து விடுப்பு உத்தரவாக எழுத்தில் திரும்பியிருக்க வேண்டும். உத்தரவு என்றால் அவர் கேட்டிருப்பார், பன்னிரண்டு வயதிலிருந்து உத்தரவுக்குப் பழகியவர்.

அவர் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும் என்ற பேச்சுக்கும் இடமில்லை. அவர் இறந்த பிறகு அவருடைய முதல் உதவியாளர்தான் அந்த மேசையில் உட்கார்ந்து தந்திகளைத் திருத்தினார், படிவம் நிரப்பினார், துறைமுகங்களுக்கு எச்சரிக்கை அனுப்பினார். மேலிடம் நிறுத்தச் சொல்லும் வரை, ஒன்றரை ஆண்டுக்கு மேல், கூம்பு ஏறிக்கொண்டுதான் இருந்தது.